படியும் சரி, தராசும் சரி

நசீர் நானா மவுத்தான செய்தி வந்தபோது நான் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில், ஓர் ஐஸ் தொழிற்சாலையின் மின்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கம்பிரசருக்குப் போகும் கம்பியில் அளவியை மாட்டி, பத்து நிமிட வாசிப்பு ஒன்றைத் தொடங்கியிருந்தேன். நான்காவது நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. வெட்டினேன். மறுபடி அடித்தது. மறுபடியும் வெட்டினேன். வாசிப்பின் நடுவில் யார் கூப்பிட்டாலும் எனக்கு எரிச்சல் வரும். பத்து நிமிடமும் முடிந்து, எண்ணை எழுதிய பிறகுதான் எடுத்தேன். அலுவலகத்திலிருந்து டிலானி.

"ஏன் வெட்டி வெட்டி விடுறீங்கள்? நானா போயிட்டார்."

"எங்க போயிட்டார்? இண்டைக்கு அவர் இங்க வர வேணுமெல்லே."

அவள் அழத் தொடங்கினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த வாசிப்பு இப்போதும் அறிக்கையில் இருக்கிறது. நான் அதை அழிக்கவில்லை. அதில் ஆறு நிமிடம், அவர் இல்லை என்பதை எனக்குச் சொல்ல ஒருத்தி முயன்றுகொண்டிருந்த நேரம்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், நானாவைத் தெரிந்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அண்ணன் என்ற முறையில் நாங்கள் எல்லாரும் நானா என்போம். குறிஞ்சாக்கேணிக்காரர். நாற்பத்துமூன்று வயது. துறைமுகப் பக்கம் கப்பல் திருத்தும் இடமொன்றில் வயரிங் வேலை செய்துவிட்டு எங்கள் சின்ன நிறுவனத்துக்கு வந்தவர். ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை, ஹோட்டல் என்று போய், எந்த இயந்திரம் எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. பதவியில் நான் அவருக்கு மேல், வயதில் பதினைந்து வருடம் கீழ். அது அவருக்குக் கரைச்சலாக இருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் இருந்தது.

நல்ல மனிதர், பகிடிக்காரர், ஐந்து நேரத் தொழுகை தவறாதவர் என்று எழுதி முடித்துவிடலாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவருடைய சாவில் என் பிழை ஒன்று இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு அவரைப் புகழ எனக்கு ஏலாது.

அவரோடு நான் முதன்முதலில் போன வேலை ஒரு ஹோட்டலில். முகாமையாளர் எங்களை வரவேற்பறையில் இருத்தி, "எங்கட ஏசி எல்லாம் இருபத்துநாலாயிரம்" என்றார், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி. நான் தலையாட்டிவிட்டு எழுதப் போனேன். நானா கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார்.

"இருபத்துநாலாயிரம் என்ன சேர்? ஈயா, எறும்பா?"

முகாமையாளருக்கு முகம் கறுத்தது. நானா விடவில்லை. அந்த எண், ஒரு மணித்தியாலத்தில் அறையிலிருந்து எவ்வளவு வெப்பத்தை ஏசி வெளியே தள்ளும் என்பதற்கான எண், அது இழுக்கும் கரண்ட் அல்ல, இரண்டையும் குழப்பித்தான் எல்லாரும் பெரிய பெட்டியாக வாங்கி மாட்டுகிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். அந்த மனிதர் கடைசியில் பால் கலக்காத பிளேன்ரீ வரவழைத்தார். வெளியே வந்ததும் நான், "வாடிக்கையாளரோட அப்பிடிக் கதைக்கக் கூடாது நானா" என்றேன். "முதல்ல அலகைச் சொல்லோணும், பிறகுதான் எண்ணைச் சொல்லோணும்" என்றார். "அலகு இல்லாத எண்ணுக்கு நீங்க தலையாட்டினீங்களே தம்பி, அதுதான் எனக்கு வெக்கம்." எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதலாக வந்தது.

அலுவலகப் படியில் ஏறிக் கணக்குப் பார்க்கும் எங்கள் படியேற்றம் தொடங்கியதும் என்னுடைய ஒரு தோல்வியில்தான். சல்லியில் மீன் காயவிடும் பெண்களுக்கு மின்சாரச் சிக்கனம் பற்றி ஒரு வகுப்பு எடுத்தோம். ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, யூனிட் யூனிட் எண்டுறீங்கள். ஒரு யூனிட் எண்டால் எவ்வளவு? கையில பிடிச்சுப் பார்க்கேலுமா?" நான், ஒரு கிலோவாற்று மணித்தியாலம், அதாவது முப்பத்தாறு இலட்சம் யூல் என்றேன். அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் கடலைப் பார்த்தார்.

அடுத்த கிழமை நானா விடையோடு வந்தார். எங்கள் அலுவலகம் ஓர்ஸ் ஹில்லில், வீதியிலிருந்து நாற்பத்தெட்டுப் படி ஏறி வர வேண்டிய இடம். ஒரு படி பதினேழு சென்ரிமீற்றர். மொத்தம் எட்டு மீற்றருக்குச் சற்றுக் கூட. அவருடைய எடை எழுபத்திரண்டு கிலோ. எடையை உயரத்தால் பெருக்கி, ஈர்ப்பாலும் பெருக்கினால், ஒரு தரம் படியேற அவர் செய்யும் வேலை ஐயாயிரத்து எழுநூற்றைம்பது யூல் அளவில் வரும்.

"அம்மா, ஒரு யூனிட் எண்டா, நான் எங்கட கந்தோர்ப் படிய அறுநூத்தி இருபத்தஞ்சு தரம் ஏறோணும்."

"ஐயோ! ஒரு நாளிலயோ?"

"நாளோ மாசமோ, ஏறி முடிச்சாத்தான் ஒரு யூனிட்."

"அப்ப எங்கட ஐஸ் பெட்டி நாள் முழுக்க உங்களை ஏத்தி இறக்குது எண்டு சொல்லுங்கோ."

"இறங்கிறது கணக்கில இல்லம்மா. ஏத்துறது மட்டும்தான்."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கொடியில் இருந்த காகங்கள் எழும்பின. பிறகு அவர் அவர்கள் தந்த பிளேன்ரீயைக் கையில் எடுத்தார். இதில் இருக்கிற இரண்டு கரண்டிச் சீனியில் முப்பது கலோரிக்கு மேலே இருக்கிறது, அதை எரித்தால் படியை இருபது தரத்துக்கு மேல் ஏறலாம், ஆனால் உடம்பு நாலில் மூன்று பங்கைச் சூடாகவே விட்டுவிடும், ஆகவே ஐந்தாறு தரம்தான் மிஞ்சும் என்றார். கலோரியும் யூலும் யூனிட்டும் ஒரே சாமானுக்கு மூன்று பெயர் என்பதை அந்தப் பெண்கள் அன்றைக்கு விளங்கிக்கொண்டார்கள். நானும் படித்திருந்தேன். விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமைக் காலையும் படியேற்றம் எங்கள் அலுவலகத்து வழக்கமாகிவிட்டது. வேலையின் அளவை நேரத்தால் வகுத்தால் வலு வரும். எடை பார்ப்பது, ஓடி ஏறுவது, செக்கனைக் குறிப்பது, எத்தனை வாற்று என்று கணித்துக் கதவின் பின்பக்கத்தில் ஒட்டிய வரைபுத்தாளில் புள்ளி வைப்பது. மாரி முடிந்த கையோடு தொடங்கியபோது நானா இருபது செக்கன். இருநூற்று எண்பத்தெட்டு வாற்று. "ஒரு சின்னத் தண்ணிப் பம்பு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நான் பதினேழு செக்கன். எனக்கு அவரை வெல்வதில் ஒரு சந்தோசம் இருந்தது, இப்போது அதை எழுதக் கூசுகிறது.

பிறகு அவருடைய புள்ளிகள் இறங்கத் தொடங்கின. இருபத்திரண்டு செக்கன். இருபத்தைந்து. சில மாதத்தில், மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியபோது முப்பத்தொன்று. வலு இருநூறு வாற்றுக்குக் கீழே போய்விட்டது. அதோடு எடை கூடிக்கொண்டு போனது: எழுபத்துநான்கு, எழுபத்தாறு.

"சோத்தக் குறையுங்கோ" என்றேன்.

"குறைச்சுத்தானே இரிக்கன். பசியே இல்ல தம்பி. ராத்தாட்டக் கேளுங்க." அவருடைய மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். "செருப்பும் சுருங்கிட்டு" என்று காலை நீட்டிக் காட்டினார்.

இங்கேதான் என் பிழை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வாசிப்பு ஒத்துவராவிட்டால் இயந்திரத்தைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சந்தேகிப்போம். நல்ல பழக்கம். நிறையத் தரம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அன்றைக்கு நான் வெண்பலகையில் எழுதியே காட்டினேன்: சாப்பாடு குறைகிறது, எடை கூடுகிறது. உள்ளே போகும் சக்தி குறையும்போது உடம்பில் சேமிப்புக் கூட முடியாது. சக்திக் காப்பு விதி இடம் கொடாது. ஆகவே தராசு பிழை. தராசு பிழை என்றால் படியின் உயரமும் பிழையாக இருக்கலாம், முதலில் அளந்தது நானா ஒருவர்தானே. அடியில் இரண்டு கோடு இழுத்தேன். டிலானி கைதட்டினாள். நானா பலகையை நெடுநேரம் பார்த்தார்.

"விதி எண்டா விதிதான்" என்றார்.

அந்தக் கிழமை நாங்கள் படியை அளந்தோம். தெளிவான பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியை மேலே நானும் மறு நுனியைக் கீழே அவரும் பிடித்து, நீர்மட்டம் பார்த்துப் பார்த்து நான்கு தரமாகப் பிரித்து அளந்தோம். கீழே தேநீர்க் கடை வைத்திருக்கும் மரியதாஸ் அண்ணை வெளியே வந்து பார்த்தார்.

"என்ன நசீர், மலைக்குச் சேலைன் ஏத்துறீங்களோ?"

"ஓம் அண்ண, பாவம், மெலிஞ்சு போச்சு. உங்கட பிளேன்ரீ குடிச்சுத்தான்."

சொல்லிவிட்டு நானா படியில் உட்கார்ந்தார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார், நீர்மட்டம் அசையாமல். "எழும்புங்கோ நானா, வெயில் ஏறுது" என்று நான் மேலே நின்று கத்தினேன். "ஒரு நிமிசம்" என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

உயரம் சரியாக இருந்தது. அரைச் சென்ரிமீற்றர்கூட வித்தியாசம் இல்லை. பிறகு தராசு. இருபது லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்றை அளந்து நிரப்பித் தராசில் வைத்தேன். வெறுங்கானின் எடையைக் கழித்தால் இருபது கிலோ வர வேண்டும். இருபது வந்தது. மூன்று தரம் வைத்தேன். மூன்று தரமும் இருபது.

இருபது கிலோத் தண்ணீரைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றேன். தண்ணீருக்கு எடை உண்டு, கலோரி இல்லை. ஒருவர் சாப்பிடாமலே எடை கூடலாம், உடம்பில் தண்ணீர் தேங்கினால். இருதயம் தள்ள வேண்டியதைத் தள்ளாவிட்டால் தண்ணீர் தேங்கும், கால் வீங்கும், செருப்பு இறுகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம். விடை என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பூமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

"அப்ப என்ன தம்பி முடிவு?" என்று நானா கேட்டார். "படியும் சரி, தராசும் சரியெண்டா, எனக்கு ஏதாவது...?"

அவர் கேட்டார். இதை நான் எத்தனையோ தரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அவர் பகிடியாகக் கேட்கவில்லை. எனக்கு அன்று பின்னேரம் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கிழமையை இதில் வீணாக்கிவிட்டேன் என்ற புகைச்சலும் இருந்தது.

"உங்களுக்கு ஒண்டுமில்லை நானா. வயசு போகுது, அவ்வளவுதான். வரைபை விடுங்கோ, ஒண்டிரண்டு புள்ளி அப்பிடி இப்பிடித்தான் விழும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உண்மையாகவே அவருக்கு நிம்மதி வந்ததை நான் கண்டேன்.

சல்லியிலிருந்து நான் குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சேர்ந்தபோது நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஜனாஸாவை அடக்கத்துக்குத் தூக்கியிருந்தார்கள். காலையில் சப்பாத்துப் போடக் கதிரையில் குனிந்தவர் நிமிரவில்லையாம். ஆஸ்பத்திரியில், இருதயம் பல மாதமாகவே பெலன் குறைந்துகொண்டு வந்திருக்கிறது என்று சொன்னார்களாம். ராத்தாவின் தம்பி கூட்டத்துக்குள் என்னைக் கண்டு, "வாங்க, நீங்களும் ஒரு கை புடிங்க" என்று சந்தூக்குப் பெட்டியின் ஒரு காலை என் தோளுக்குத் தந்தார். தூக்கியதும் என் மூளை கணக்குப் பார்த்தது. எண்பது கிலோ இருக்கும், பெட்டியைக் கழித்து. அந்த நேரத்திலும் அதுதான் வந்தது. நான் அதை நிறுத்தப் பார்த்தேன். நிற்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். வரைபுத்தாளைப் பற்றி ஒருவரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தாள் கதவின் பின்னால் இருந்தது, நான் கதவைத் திறந்தபடியே விட்டு வேலை செய்துகொண்டிருந்தேன், தாள் சுவர்ப்பக்கம் மறைந்திருக்கட்டும் என்று. ஒரு நாள் காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கே மோட்டார் சைக்கிளை எடுத்துக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தேன்.

ராத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. அவருடைய தம்பி என்னோடு விறாந்தையில் இருந்தார். அறைக்கதவின் திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் மட்டும் வந்தது.

"தம்பி, படிய அளந்தீங்களாமே."

"ஓம், ராத்தா."

"அவர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். குழாயில தண்ணி விட்டு அளந்தயாம். அளந்து என்ன வந்திச்சு?"

சொல்வதற்காகத்தான் போயிருந்தேன். சீமெந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"படி சரி, ராத்தா. தராசும் சரி. எல்லாம் சரியாத்தான் இருந்திச்சு."

உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

"அப்ப சரியில்லாம இருந்தது அவருதான்."

"ஓம்."

"அது உங்களுக்குத் தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிருக்க வேணும். கணக்கு என்ர கையில இருந்தது. நான் ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டன்."

ராத்தாவின் தம்பி எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே இருந்தேன். கடைசியில் குரல் வந்தது. கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நான் எப்படியாவது தாங்கியிருப்பேன்.

"எனக்கு ஒரு கணக்கும் தெரியாது. எனக்கே தெரிஞ்சிச்சு தம்பி. மூணு தலகணி வெச்சுத்தான் படுத்தார். சரிஞ்சு படுத்தா மூச்சு எடுக்க ஏலாது. டொக்டர்ட்டப் போவம், டொக்டர்ட்டப் போவம் எண்டு ஒரு மாசமா நிண்டன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'எங்கட தம்பி அளந்து பார்த்துட்டான். அவன் படிச்ச பொடியன், சும்மா சொல்ல மாட்டான். எனக்கு ஒண்டுமில்ல' எண்டார்."

வெளியே வரும்போது ராத்தா, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். குடித்தேன். சீனி கூடவாக இருந்தது.

யாராவது அலுவலகப் படியேறும் சத்தம் கேட்டால் இப்போதும் நான் எண்ணுகிறேன். தபால்காரர், டிலானி, மரியதாஸ் அண்ணையின் பிளேன்ரீத் தட்டம், எல்லாரையும் எண்ணுகிறேன். ஒரு நாள் மரியதாஸ் அண்ணை முப்பதாவது படியில் நின்றுவிட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, நெஞ்சு நோகுதா, கால் வீங்கியிருக்கா என்று கேட்டேன். "செருப்பு வார் அறுந்துபோச்சடா தம்பி, கையை விடு" என்றார். கையை விட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நானாவின் உளிகளும் சோதனை விளக்கும் அலுவலகத்தில் இருக்கின்றன. யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள். வரைபுத்தாளை ராத்தாவிடம் கொடுத்துவிட்டேன், அவர் கேட்டார். என்னிடம் நான் வைத்திருப்பது வேறு.

சல்லி வேலைக்காக நான் வெளியே இருந்த கடைசி ஆறு கிழமைகளும் நானா தனியாகத்தான் படி ஏறினார். வரைபை விடுங்கோ என்று நான் சொன்ன பிறகும் ஏறினார். மேலே வந்து நின்று, தொலைபேசியில் குரலாகவே பதிந்து செக்கனை எனக்கு அனுப்புவார். நான் அளவியைப் பார்த்துக்கொண்டே ஒரு காதால் கேட்டு, எண்ணைக் குறித்துவிட்டு நிறுத்திவிடுவேன். ஆறு பதிவுகள். அவற்றைத்தான் வைத்திருக்கிறேன். முதலாவது நான்கு செக்கன் நீளம்: "தம்பி, முப்பத்திரண்டு." கடைசியானது பதினொரு செக்கன். தம்பி என்கிறார். மூச்சு எடுக்கிறார். கீழே வீதியில் ஓட்டோ ஒன்று போகிறது. முப்பத்து என்கிறார். மறுபடி மூச்சு. மறுபடியும். பிறகு, ஆறு.

என் குறிப்புப் புத்தகத்தில் அந்தத் திங்கட்கிழமைக்கு நேரே முப்பத்தாறு என்று மட்டும் எழுதியிருக்கிறது.